பதினான்கு நாள் கெடு

அன்புள்ள மச்சான் தனேஸ்வரனுக்கு,

சிலிபினிலிருந்து அர்ச்சுனன் எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீயாவது சுகமாக இரு. இங்கே யாரும் அப்படி இல்லை.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஈப்போ கோர்ட்டுக்கு டை கட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலாளி 'லாயரா?' என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த லாயர் உள்ளே போய், முக்கால் மணி நேரம் தெரியாமல் மோட்டார் சம்மன் அபராதம் கட்டுகிற வரிசையில் நின்றான்.

வாட்சாப்பில் சொன்னால் நீ உடனே கூப்பிடுவாய். உன் குரலுக்குப் பயந்துதான் தாளில் எழுதுகிறேன். உன் அக்காவின் தோட்ட வீட்டு வழக்கில் மேல்முறையீட்டுக்கான கெடு போய்விட்டது.

மூன்றாம் தேதி, வீட்டைக் காலி செய்து தோட்டக் கம்பெனியிடம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அதிலிருந்து பதினான்கு நாள், ஆகப் பதினேழாம் தேதி. ஐந்தாம் தேதி உன் அத்தான் தர்மா அண்ணன் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த கம்பெனி மேனேஜர் மாலையைப் போட்ட கையோடு, வாசலிலிருந்து வேலிவரை காலடி வைத்து அளந்ததை நீயும்தான் பார்த்தாய்.

அக்காவின் வக்கீல் தினேஸ்வரி இரண்டு தடவை போன் செய்தார். "அங்கிள், கலாதேவி அக்கா சைன் பண்ண பேப்பர் இல்லாம நான் ஃபைல் பண்ண முடியாதுலா. பதினேழுக்குள்ள வேணும்." குடியிருப்போர் சங்கத்துச் செயலாளனான என் வாய் சும்மா இருக்குமா? "சாவு வீடும்மா. கருமாதி முடியாம கோர்ட் பேப்பர் வெளிய போகக்கூடாது. ஜட்ஜும் மனுசன்தானே?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்த நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

இருபதாம் தேதி கருமாதி முடிந்தது. மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை காலை, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டையோடு கோர்ட்டுக்கு ஓடினேன். தினேஸ்வரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு நாள் லேட், அங்கிள். கோர்ட்டு காலண்டர்ல கருமாதி இல்ல."

இனிக் கால நீட்டிப்புக் கேட்டு மனுப் போட வேண்டுமாம். நீதிபதி கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். தாமதத்துக்குக் காரணத்தைச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். துக்கத்தில் அக்காவால் கையெழுத்துப் போட முடியவில்லை என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அக்கா கேட்டுக்கொண்டார். எனக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார்.

வியாழக்கிழமை அவர் சத்தியம் செய்யப் போகிறார். கருமாதிக்கு லீவு தராத உன் முதலாளி இதற்காவது ஒரு நாள் தரட்டும். வந்து அக்கா பக்கத்தில் நில். நான் நின்றால் அவர் கை ஓடாது. முருகன் அந்தக் கூரையை அவர் தலைக்கு மேல் விட்டு வைக்கட்டும்.

இப்படிக்கு,
அர்ச்சுனன்

பி.கு.: இருபத்தொன்றாம் தேதி நான் கையெழுத்து வாங்கியது வேறு புதுத் தாளில். நீ பஸ் ஏறிய ஏழாம் தேதியே அக்கா கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்த முதல் தாள், இன்னும் என் வேனில்தான் இருக்கிறது.