நான் கழுவிய முகம்

இன்று அலுமாரியைத் துடைத்தபோது அடித்தட்டில் உங்கள் கறுப்புத் துணி கிடைத்தது. தலையில் போர்த்திக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் குனிவீர்களே, அதேதான். ஸ்டூடியோ மருந்து நெடி இன்னும் போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பண்டார் ஹிலிர் ஸ்டூடியோவில் பகலெல்லாம் ஜப்பான் சிப்பாய்களைப் படம் பிடித்துவிட்டு, அங்கே ஒதுக்கிப்போட்ட, படம் பதிக்கும் பழைய கண்ணாடித் தகடுகளைக் கேமராவோடு கஜா பெராங்கில் நம் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். நாளுக்கு ஒன்று. நான் அடுப்பு ஊதுவது, மரவள்ளிக்கிழங்கு உரிப்பது, பிள்ளை சட்டியைக் கவிழ்ப்பது, இதெல்லாம்தான் படம். எனக்கு எரிச்சலாக வரும்.

“ஊரே கெழங்கத் தின்னு கெடக்கு. இந்த மூஞ்சியத் தெனம் எடுக்கணுமாக்கும்?”

“நேத்து மூஞ்சி வேற, இன்னிக்கு மூஞ்சி வேற. ஆடாம நில்லு” என்பீர்கள்.

ஒரே ஒருநாள் என்னைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி உங்களை எடுக்கச் சொன்னீர்கள். மகளை மடியில் வைத்து நீங்கள் சிரித்த தகடு அது ஒன்றுதான். அச்சுப் போடத் தாள் கிடைக்கவில்லை. சண்டை முடியட்டும் என்று எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தீர்கள்.

பிறகு அந்தப் பேச்சு கிளம்பியது. வெள்ளைக்காரன் படம் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்களாம், அடுத்த தெருவரைக்கும் சோதனை வந்துவிட்டதாம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். நம் கல்யாணப் படத்தில் ஸ்டூடியோவின் பழைய முதலாளித் துரை நின்றிருந்தார். அது முதலில் அடுப்புக்குப் போனது. டின்னைத் திறந்து தகடுகளை வெளிச்சத்தில் பிடித்தேன். தகட்டில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும்தானே தெரியும்? நம் கறுத்த முகமெல்லாம் வெளுத்து, தலைமயிர் நரைத்து, அசல் வெள்ளைக்காரக் கூட்டம்! அது நாம்தான் என்று எனக்குத் தெரியும். கதவை உதைத்துக்கொண்டு வருகிறவனுக்கு யார் விளக்குவது? கொதிநீரில் சலவைச் சோடாவைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் தேய்த்தேன். உங்கள் சிரிப்பு தோலாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. பாவி, அப்போதும் என் கை நிற்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தீர்கள். கத்துவீர்கள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். வெறும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “விடு, நாமதான் இருக்கோமே. மறுபடி எடுத்துக்கலாம்” என்றீர்கள்.

அந்த வாரமே, ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த உங்களைச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றி, சயாமுக்குத் தண்டவாளம் போட அனுப்பிவிட்டார்கள். நம் வீட்டைச் சோதனை போட யாரும் வரவில்லை. கடைசிவரை ஒரு நாய்கூட வரவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து தப்பித்து வந்த உஜோங் பாசிர்க்காரர் ஒருவர் நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். படையல் போட்டேன். எல்லார் வீட்டிலும் படத்துக்கு மாலை போட்டு அதன் முன்னால் இலை விரிப்பார்கள். நான் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. இன்று நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “அம்மா, அப்பா எப்படி இருப்பாங்க?” என்று கேட்டாள். நல்ல உயரம், சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம் என்றேன்.

“எந்தக் கன்னத்துல?”

“எடது கன்னம்” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் குரல் அப்படியே காதில் இருக்கிறது. முகம்தான் நாளுக்கு நாள் நழுவுகிறது. இடதுதானா? என்னங்க, ஒரே ஒரு தடவை கனவில் வந்து, என் பக்கம் திரும்பி நில்லுங்களேன்.