இரண்டு லிஃப்டிலும் கேட்ட கதை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் உன் அப்பாவும்தான். அடிக்கடி போனில் பேசிக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். இந்த வீட்டில் சமையலறையில் கிசுகிசுத்தாலும் குளியலறைவரை கேட்கும். இது அப்பா காதில் விழக் கூடாத விஷயம்.

முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன தடவை போனில் அழுதவள் மாதிரி உன் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றாய். சரி, ஜலதோஷம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அப்பா வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி கைமாறிவிட்டது. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. புதிதாக வாங்கியவர்கள் எல்லா லிஃப்டையும் கம்ப்யூட்டர் பலகைக்கு மாற்றப் போகிறார்களாம். பழைய மெக்கானிக்குகள் பயிற்சி வகுப்பில் சேர்ந்து பரீட்சையில் தேற வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவோடு ஜோடியாக வேலை பார்க்கும் நெட்டை மாமா உடனே பெயர் கொடுத்துவிட்டார். உன் அப்பா மட்டும் மாட்டவே மாட்டேன் என்றார். "என் பொண்ணு வயசுப் பசங்க பக்கத்துல உட்கார்ந்து, கையத் தூக்கிச் சந்தேகம் கேட்கணுமா?" என்றார். அதன் பிறகு நான் வகுப்பு என்று வாயெடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இதற்கு நடுவில்தான் ஒரு கூத்து ஆரம்பித்தது. காலையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் மனிதர். இப்போது வருகிற செய்திகளில் சிரிக்க என்ன இருக்கிறது? பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். பேப்பருக்குள் உன் புத்தகம்! நீ கட்டிலுக்கு அடியில் கதைப் புத்தகங்களை விட்டுப் போனாயே, அதில் ஒன்று. ஒரு வகுப்பில் தோற்றுப்போய், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டிய பதின்மூன்று வயதுப் பெண்ணின் கதை. கையும் களவுமாகப் பிடிபட்டவர், உன் அறையில் தூசி தட்டும்போது கையில் கிடைத்தது என்றார். உன் அப்பா என்றைக்குத் தூசி தட்டினார்?

ஒரு வாரம் அவரை ஓட்டித் தள்ளினேன். பிறகு அவர் வேலைக்குப் போன நேரத்தில், அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பிரித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண் தோழிகளுக்குப் பயந்து வேறு தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் படித்து முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அவள் கவலையெல்லாம் நாம் தாண்டி வந்த கவலை. இப்படி நடுங்கி நடுங்கித்தானே நாமும் பெரியவர்கள் ஆனோம், அப்போது ஆனது இப்போது மட்டும் ஆகாதா என்று தோன்றியது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று தெரியாத நேரத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பா அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நெட்டை மாமாவிடம் கொடுத்திருக்கிறார். போன வாரம் இருவருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிறார்கள், மற்றது ஓடிக்கொண்டிருக்கிறது. சாமான் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரம். அப்பா நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார். மாமா மொட்டை மாடி மோட்டார் அறையில், கையில் புத்தகம். பேசிக்கொள்ள ஒரு இண்டர்காம் உண்டல்லவா, அதில் மாமா கதையைச் சத்தமாகப் படித்திருக்கிறார். அந்தப் பெண் பேசும் இடங்களைக் கீச்சுக் குரலில், டீச்சர் பேசும் இடங்களைக் கட்டைக் குரலில். அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி வைக்க வேண்டிய ஸ்விட்சை, மகானுபாவர் இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்துத் திருப்பி வைத்துவிட்டார்.

ஓடுகிற லிஃப்டில் ஏறியவர்கள் யாரும் இறங்கவில்லையாம். கீழே வந்தவர்கள் மறுபடி மேலே போகும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். காவலாளி எட்டிப் பார்த்தால், காய்கறிப் பையும் ஆபீஸ் பையுமாக உள்ளே நிற்க இடமில்லை. என்னவென்று விசாரிக்கப் போனவரும் உள்ளேயே நின்றுவிட்டார். மாமாவுக்குத் தொண்டை கட்டிப்போய், மீதியை நாளைக்குப் படிக்கிறேன் என்று நிறுத்தியதும், நாலாவது மாடியில் இருக்கும் கணக்காளர் அம்மா படியேறி மோட்டார் அறைக்கே வந்துவிட்டார்.

வந்தவர் அதட்டவில்லை. "அந்தப் பொண்ணு அந்தச் சின்னப் பிள்ளைங்களோட போய் உட்கார்ந்தாளா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க. எங்க ஆபீஸ் அடுத்த மாசம் இருக்குமான்னே தெரியல. என் விஷயம்தான் தெரியல, அவ விஷயமாவது தெரியட்டும்" என்றாராம்.

மாமா இன்னும் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. இண்டர்காம் வழியாக அதைக் கேட்ட அப்பாதான் கூரைமேல் இருந்தபடியே பதில் சொல்லியிருக்கிறார். "உட்கார்ந்தாம்மா. மொத நாள் அழுதா. ஆனா உட்கார்ந்தா."

அதைக் கேட்டு அந்த அம்மா சந்தோஷமாகப் போய்விட்டார். அவர் போனதும் மாமா அதே இண்டர்காமில் மெதுவாகக் கேட்டிருக்கிறார், "அப்போ நீ?"

ஸ்விட்ச் இன்னும் பழையபடியேதான் இருந்தது. ஓடுகிற லிஃப்டில் இருந்த அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்களாம். உன் அப்பாவோ, "சாமான் வந்துச்சா பாரு" என்றாராம். இதெல்லாம் மாமா வந்து சொன்னதுதான், அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் மறுநாளே ஆபீசுக்குப் போய் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

வகுப்பு அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆரம்பம். இப்போதே தினம் ஒரு வலி சொல்கிறார். நேற்று முதுகு, இன்று வயிறு. எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. நான் தைரியம் சொன்னால் எரிந்து விழுவார். நீ சொன்னால் கேட்பார்.

அதனால் வகுப்புக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணு. கம்பெனி விஷயத்தை நான் எழுதிவிட்டேன் என்றே சொல்லிவிடு, திட்டு வாங்கிக்கொள்கிறேன். உன்னை முதன்முதலாக விடுதியில் விட வந்த அன்று, உள்ளே போக மாட்டேன் என்று நீ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்பா குனிந்து உன் காதில் ஏதோ சொன்னார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய். நான் பெட்டியோடு தள்ளி நின்றதால் எனக்குக் கேட்கவில்லை. அவரும் சொன்னதில்லை, நீயும் சொன்னதில்லை. எனக்கு இப்போதும் தெரிய வேண்டாம். அது என்னவோ, அதை அப்படியே அவரிடம் சொல்லிவிடு, கண்ணு.

உன் ஜலதோஷத்துக்கும் அதுவே மருந்தாகட்டும்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா