கொற்றியின் உளுந்து வயலை வெட்டலாகாது

மழை பொய்யாத மருதவேலி நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மாமன்னர் செருவேள் திருவடி நீடு வாழ்க. நீளாற்றின் வடகரையில் செம்பொறை நாட்டைக் காக்கும் தலைவர், எல்லைகாத்த பெருமகன், விடங்கன் பெருமாறர் அவர்களுக்கு, வேளாண் பேரமைச்சர், ஏழு ஏரி கண்ட அருமான் கீரனார் விடுக்கும் ஓலை. தங்கள் நாடு செழிக்க. தங்கள் குலம் தழைக்க. தங்களுக்கு இனியேனும் நல்ல புத்தி வாய்க்க. கடைசி வாழ்த்தை நீக்கிவிடலாமா என்று, இதை எழுதும் ஓலைநாயகம் இளம்பூதி பணிந்து கேட்டதற்கு, தாம் சொல்லும் ஒரு சொல்லையும் நீக்கலாகாது என்று அமைச்சர் கட்டளையிட்டார். ஆகவே இனி வருவன யாவும் அவர் சொன்னபடியும், சொல்லும்போது அவர் பட்டபாட்டின்படியும் எழுதப்பெற்றவை.

தங்கள் மடல் நேற்று முற்பகல் வந்தது. அதைப் படிக்கக் கேட்ட அமைச்சர் பாதியில் எழுந்து நின்றார். முடிவில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செம்பொறையில் உளுந்தின் வேரெல்லாம் கொப்புளமாகக் கண்ட கொடுநோயைச் செடியோடு பிடுங்கி எரித்து, மேல்மண்ணையும் ஒரு முழம் வெட்டி ஆற்றில் கொட்டி, நாட்டைக் காத்துவிட்டதாகத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். எஞ்சியது கொற்றி என்னும் குடியானவளின் வயல் ஒன்றே என்றும், அவள் அரிவாளோடு வரப்பில் அமர்ந்து மறித்ததால் காவலில் வைக்கப்பட்டாள் என்றும், வரும் முழுமதி நாள் காலை அதுவும் வெட்டப்படும் என்றும் எழுதி, அரசவையின் பாராட்டையும் எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

தலைவரே, அது நோயன்று. அந்தக் கொப்புளங்களுக்காகத்தான் அமைச்சர் இரண்டாண்டு உறக்கம் கெட்டார்.

வெள்ளம் ஊரைக் கொண்டுபோனபின் செம்பொறையில் குடியேறிய அறுபது குடிகள் என்ன விதைத்தும் உளுந்து மஞ்சளித்துச் சாண் உயரத்தில் நின்றுவிட்டது தாங்கள் கண்ணாரக் கண்டது. தலைமுறை தலைமுறையாக உளுந்து விளைந்த தென்கரை வயல்மண்ணை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தால் புதுநிலத்திலும் செடி கறுகறுவென்று எழும் என்று அமைச்சர் தம் கையால் செய்து தேர்ந்தார். பத்து வண்டி மண் அனுப்பினார்.

ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் எப்பொருளும் எல்லை நெருப்பில் காட்டப்படாமல் ஊருக்குள் நுழையலாகாது என்பது தங்கள் நாட்டு வழக்கம். அமைச்சர் அதை மதிக்கிறார். ஆனால் பத்து வண்டி மண்ணையும் இரும்புச் சட்டியில் கொட்டிக் கடலை வறுப்பதுபோல் வறுத்தெடுப்பீர்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. உடன் வந்த ஓலையையும் நெருப்பில் காட்டியதில் அதன் பின்பாதி கருகிவிட்டது என்று தங்கள் மறுமொழியே கூறிற்று. அவ்வாண்டு ஒரு மணியும் விளையவில்லை.

மறு ஆண்டு மண்ணை நெருப்பில் காட்டலாகாது என்று அரசாணையே வந்தது. தாங்களும் மனமின்றிப் பணிந்தீர்கள். செடி எழுந்தது, பூத்தது. அப்போது யாரோ ஒருவன் வேரைப் பிடுங்கிக் கொப்புளத்தைக் காட்ட, நெருப்பில் காட்டாத குற்றம்தான் இப்படி வெடித்தது என்று தாங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அமைச்சரை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மடல் கொணர்ந்த தூதன், படித்து முடியும்வரை தயங்கி நின்றுவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய உளுந்துச்செடி ஒன்றை எடுத்து நீட்டினான். காவலில் இருந்தபடியே கொற்றி கொடுத்தனுப்பியதாம். அவள் சொன்னதையும் மாற்றாமல் எழுதச் சொன்னார் அமைச்சர்: "சீக்குப் பிடிச்ச செடியா இது? பிஞ்சு பிடிச்சு நிக்குது. வேரைக் கிள்ளிப் பாருங்க, உள்ள ரத்தம் ஓடுது. மண்ணு உசிரோட இருக்கு. அதைக் கொன்னுட்டா நாங்க எங்க போவோம்?"

அமைச்சர் ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. அவர் கண் கலங்கியதை அவையே கண்டது; அடுத்த நொடியே தங்கள் பெயரைச் சொல்லி அவர் கூறியவற்றை மட்டும், அவர் ஆணையையும் மீறி, ஓலைநாயகம் எழுதாது விடுகிறான்.

அந்தக் கொப்புளங்களுள் குடியிருப்பவை எவை என்று அமைச்சருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதவை, பயிருக்குச் சோறூட்டுபவை, சுட்டால் சாகின்றன, ஆகவே உயிருள்ளவை. இவ்வளவே அறிவார். இதை முதல் ஓலையிலேயே எழுதியிருக்கவேண்டும். இப்படிச் செய்க, அப்படிச் செய்யற்க என்று அதிகாரம் செய்தேனேயன்றி ஏன் என்று சொல்லவில்லை என்று அவர் தம்மையும் கடிந்துகொண்டார். தங்களைக் கடிந்ததில் கால்வாசிதான் அது.

இப்போது ஆற்றில் வெள்ளம். வண்டி கடக்க மூன்று திங்கள் ஆகும். பின்பருவ விதைப்புக்கோ இருபதே நாள். வடகரையில் உயிரோடிருக்கும் உளுந்துமண் கொற்றியின் வயல் ஒன்றுதான். அதுவும் போனால் அறுபது குடிகளும் மூட்டை கட்டவேண்டியதே. அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

ஆகவே ஆணையாவது: கொற்றியை இக்கணமே விடுவிக்க. அவள் வயல் மண்ணை அவளே அள்ளித் தர, அறுபது குடிகளும் விதையில் புரட்டி விதைக்க. எவ்வளவு அள்ளலாம், எங்கே அள்ளலாம் என்பதில் அவள் சொல்லே முடிவு. தாங்கள் கூடை சுமக்கலாம். அவளையன்றி வேறொருவர் மண்வெட்டி அந்த வயலில் இறங்கி, அதனால் குடிகள் செம்பொறையைவிட்டு நடக்க நேர்ந்தால், அவர்களுள் நடக்கமாட்டாத முதியவர் ஒருவரைத் தோளில் சுமந்து தாங்களும் உடன் நடப்பீர்களாக. அவர்களுக்குக் குடியேற இடம் கிடைக்கும் வரை தங்களுக்கும் நிற்க இடமில்லை. இது மாமன்னர் திருவாய் மொழிந்தது, ஏர்முத்திரை இட்டது, எழுதினான் இளம்பூதி.

இந்த ஓலையைத் தலையில் கட்டிக்கொண்டு வெள்ளத்தை நீந்தி வருபவன் கரையேறும் நாள் முழுமதி நாளே. இதைத் தாங்கள் தங்கள் அவையில் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் இந்நேரம் வயலில் ஆட்கள் இறங்கியிருப்பார்கள். பல்லக்குக்குச் சொல்லி அனுப்பவேண்டாம். தலைவரே, ஓடுக.