மறுகா என்ற சொல்லும் உன் ஊசியும்

இன்று காலை என் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். அதற்குள் உன் ஊசி இருப்பது தெரிந்துதான் இரண்டு வருஷமாகத் திறக்காமல் இருந்தேன். இன்று வேறு வழியில்லை.

பழைய பேனாக் குழலில் தையல் ஊசியைச் செருகி, உன் ஊர் தேற்றாத்தீவிலிருந்து நீ கொண்டுவந்த, வலை பின்னும் தங்கூசி நூலால் வரிந்து கட்டிய அதே ஊசி. ஆய்வுகூடத்தில் எவ்வளவோ விலையுயர்ந்த சாமான்கள் இருந்தும் உனக்கு இதுதான் பிடிக்கும். முடிச்சு இன்னும் இளகவில்லை.

நம் இருவருக்கும் ஒரே வேலை. புடையன் பாம்பின் நஞ்சிலுள்ள ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிப்பது. உருவம் தெரிந்தால் அதன் எந்த இடத்தை அடைக்கலாம் என்று மருந்து செய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வவுணதீவு வயல் வட்டைகளில் அறுவடைக்கு இறங்கிக் கடி வாங்கி, உயிர் தப்பியும் சிறுநீரகம் போனவர்களை ஆஸ்பத்திரியில் நாம் சேர்ந்துதான் பார்த்தோம். ஆனால் உருவத்தைக் காண முதலில் புரதம் பளிங்காக விளைய வேண்டும். குழித் தட்டில் உப்புக் கரைசலோடு கலந்து ஒரு சொட்டை வைத்து மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சனி. மணிக்கொரு தரம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

"தட்ட ஆட்டாதகா. மறுகா பாப்பம்" என்பாய், தோழியை அழைக்கும் அந்தக் 'கா'வோடு.

"மறுகா எண்டா எப்ப?"

"மறுகா எண்டா மறுகாதான்."

பிறகு என்பதற்கு நம்மூர் வைத்திருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ கதிரையில் சாய்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கச்சான் கடலையை உடைத்துத் தின்பாய்.

பிறகு அந்த நாள் வந்தது. ஒரு சொட்டுக்குள் நாலு பளிங்கு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. நான் ஆய்வுகூடத் தலைவரிடம் ஓடினேன். பளிங்கை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வெளிநாட்டுக் கூடத்துக்கு அப்போதே கடிதம் எழுதினேன். சித்தாண்டி முருகனுக்கு வைத்த நேர்த்தியை எப்போது செய்வது என்று அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது, நீ இந்த ஊசியோடு வந்து நின்றாய்.

"ஒண்ட நசிச்சுப் பாப்பமா?"

புரதப் பளிங்கில் பாதி தண்ணீர்தான். ஊசியால் அழுத்தினால் சத்தமில்லாமல் நசியும். உப்புப் பளிங்கு நறுக்கென்று உடையும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் பயந்தேன். பயத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏன், உனக்குப் பொறாமையா?"

நீ குனிந்து அழுத்தினாய். நறுக்.

"உப்புகா" என்றாய். அவ்வளவு மெதுவாகச் சொன்னாய், எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல.

நீ என் மானத்தைக் காப்பாற்றினாய். நான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். மூன்று மாதம் பக்கத்து மேசையில் இருந்தும் முகம் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் வாய்வரை வந்தது. நாளைக்குக் கேட்போம், இந்தத் தட்டு முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். ஒரு பின்னேரம் நீயே பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "கல்லடிப் பக்கம் நடந்திட்டு வருவமா?" என்று கேட்டாய். நான் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"மறுகா பாப்பம்" என்றேன்.

அந்தச் சொல்லை வெறுத்த நான்தான் சொன்னேன். அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை தேற்றாத்தீவில், உன்னைக் கிடத்தியிருந்த உன் வீட்டு முற்றத்தில், ஆட்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அதன் பிறகு ஒரு தட்டை மூடி, முதல்தடவையாக, மாதக்கணக்கில் தொடாமல் விட்டேன். உள்ளுக்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேற்று திறந்தபோது மூன்று பளிங்குகள். உடன் வேலை செய்யும் பிள்ளை கெஞ்சினாள்: "மெடம், மூண்டுதானே இருக்கு. ஒண்ட ஏன் உடைப்பான்? அப்பிடியே அனுப்புவம்." இரண்டு வருஷத்துக்கு முந்திய என் குரல் அது. அதற்காகத்தான் இன்று இழுப்பறையைத் திறந்தேன்.

அழுத்தினேன். சத்தமே இல்லை. பளிங்கு மெல்ல நசிந்து பரவியது. பிள்ளை துள்ளிக் குதித்தாள். நான் மட்டும், பக்கத்திலிருந்து ஏதாவது கேட்குமா என்று குனிந்தபடியே நின்றேன்.

மீதி இரண்டும் நாளைக்கு விமானம் ஏறுகின்றன. உருவம் கிடைக்குமோ, கிடைக்காதோ, தெரியாது. இன்றிரவு எனக்கு நித்திரை வராது. உன் ஊசியைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. என் மேலங்கிப் பையில் இருக்கிறது. நடக்கும்போது குத்துகிறது. குத்தட்டும்.

ஒன்றை மட்டும் இனித் தள்ளிவைக்க மாட்டேன். காத்திருக்கத் தெரிந்தவள் நீ. பொறாமை எனக்குத்தான்கா இருந்தது.