ஜிம்மியின் இடது கண்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். மாடியில் துணி எடுக்க மறந்தாயிற்று. நாய் ஜிம்மி காலைச் சோற்றுக்கு வரவில்லை. இடது கண் பாதி மூடல், ஓயாமல் நீர். முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் காலி மனையின் முட்புதரில் பெருச்சாளியைத் துரத்தியதன் பலன். புதரை வெட்டச் சொல்லி மனைக்காரனிடம் கத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மருமகள் சுதா, லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல்: "மாமா, டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"தூசி விழுந்ததுக்கெல்லாம் டாக்டரா?"

எனக்குக் கண்புரை எடுத்தபோது கொடுத்த சொட்டு மருந்து ஃப்ரிட்ஜில் மிச்சம். மனுஷக் கண்ணுக்கே ஆன மருந்து. அதையே ஜிம்மிக்கும் போட்டேன், காலை ஒன்று, மாலை ஒன்று.

நவம்பர் 4, செவ்வாய்

சிவப்பு குறைந்துவிட்டது. சுதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொறஞ்சிருக்கு. ஆனா கண்ணைத் தொறக்கவே இல்லியே மாமா."

குறை சொல்லாமல் இவளால் இருக்க முடியாது. ஃபேக்டரியில் யாரும் சொல்லித் தராமலே மெஷின் பழுது பார்த்தவன் நான். ஜிம்மி நாள் முழுக்கக் கட்டிலுக்கடியில், இருட்டில். சோறு பாதி.

நவம்பர் 6, வியாழன்

கறுப்பு விழி மேல் நீலம் கலந்த வெண்மை. கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல. பயந்துவிட்டேன். இதை இங்கேதான் எழுத முடியும்.

அதற்குள் சுதா ஆட்டோ பிடித்துவிட்டாள். ஓட்டுநர் இளவட்டம். "இன்னா பெருசு, நாய்க்கு கண்ணு அவுட்டா? ஏறு. சீட்ல மூச்சா போச்சுன்னா நீதான் தொடைக்கணும், சொல்ட்டேன்." பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை வாய் மூடவில்லை.

பெண் டாக்டர். சாயம் தோய்த்த தாளைக் கண்ணில் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தார். விழியில் பச்சையாக ஒரு திட்டு.

"இதுதான் புண். வீட்டுல ஏதாவது மருந்து போட்டீங்களா ஐயா?"

"வெந்நீர்ல தொடச்சேன்."

சுதா கைப்பையிலிருந்து என் சொட்டு மருந்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு" என்றார் டாக்டர். "சிவப்பை அமுக்கிடும், புண்ணை ஆற விடாது. இன்னும் போட்டிருந்தா கண்ணு ஓட்டையாயிருக்கும். இப்பவும் உறுதியா சொல்ல முடியாது. திங்கக்கிழமை வாங்க. ஆழமாகியிருந்தா ஆபரேஷன். அதுவும் பலிக்கலன்னா கண்ணையே எடுக்கணும்."

கழுத்தில் புனல்போல ஒரு பிளாஸ்டிக் பட்டை, தேய்க்காமலிருக்க. இரண்டு மணிக்கொரு தடவை புது சொட்டு.

வெளியே வந்ததும் சுதாவிடம், "வெளியாள் முன்னாடி என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"கண்ணு போயிடும் மாமா." அவ்வளவுதான் சொன்னாள்.

நவம்பர் 8, சனி

சுதாவோடு பேச்சு இல்லை. நானே போடுவேன் என்று வைராக்கியம். பாட்டிலைப் பார்த்ததும் ஜிம்மி பின்வாங்கி, புனல் கதவில் இடிபட, உறுமியது. என்னைப் பார்த்து. குட்டியிலிருந்து வளர்த்தவனைப் பார்த்து. சொட்டெல்லாம் மூக்கில்.

ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த சுதா, காதில் மாட்டிய ஹெட்போனோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். பின்பக்கமாக அணைத்து, மோவாயைத் தூக்கி, மேலிருந்து ஒரு சொட்டு. "சமத்து. தாத்தாவைப் பாக்காத, மேல பாரு." உடனே மைக்கில், "சாரி சார், உங்கள இல்ல."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வேளைக்கு நானே போய் அவள் கதவைத் தட்டினேன். "நான் புடிச்சுக்கறேன். நீ போடு."

நவம்பர் 10, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "நேத்து மத்தியானம் ஒரு வேளை விட்டுப்போச்சு. அவ வெளிய போயிருந்தா. நான் தூங்கிட்டேன்."

சுதா திரும்பிப் பார்த்தாள்.

விளக்கு அணைந்தது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். ஜிம்மியின் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"பச்சை பாதியா சுருங்கியிருக்கு. ஆழம் போகல. கண்ணு தங்கிடும். தழும்பு மட்டும் நிக்கும்."

சுதா அழுதாள். எனக்கு அதெல்லாம் வராது. அடுத்த சொட்டுக்கு நேரமாகிவிட்டது, இங்கேயே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.