பிரசங்க மேடையில் இரண்டு துளை

செவ்வாய், நவம்பர் 4

மழை. பஸ் பிந்தியது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து இந்த டேனிஷ் கத்தோலிக்கக் கோயிலின் சரித்திரம் எழுத உட்கார்ந்தேன். விழா மலருக்குத் தமிழ்ப் பகுதி என் தலையில். இதுவரை: பத்தொன்பதாம் நூற்றாண்டு. செங்கல். தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டியது. ஓக் மரப் பிரசங்க மேடை, சீமெந்து ஆலை முதலாளி கொடுத்தது. அவர் பெயரும் அதில் செதுக்கியிருக்கிறது.

வியாழன், நவ. 6

கோயில் சபையின் கடிதம். மேடையில் இரண்டு துளையாம். பாதுகாக்க வேண்டிய பழைய மரமாம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் யென்ஸ் மேல் சந்தேகம், ட்ரில் மெஷின் அவரிடம்தானே. வேலை போகலாம்.

செய்தது என் அண்ணை. ஓகஸ்டில் மாதா திருநாளுக்கு மைக் வாங்கிக் கொடுத்தார். நம் ஆட்கள் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதுகிறவர்கள். இவர் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டுவித்து, மேடையிலேயே திருகாணி போட்டுப் பூட்டிவிட்டார். யாரோ முறைத்தார்கள், அடுத்த கிழமையே கழற்றினார். துளையைக் கழற்ற முடியுமா?

வெள்ளி

அண்ணையிடம் கேட்டேன். ஒரே சத்தம்.

"அந்த ஆலை முதலாளி பெயர் செதுக்கினால் சரித்திரம், நான் தகடு பூட்டினால் சேதமோ?"

நியாயம்தான். சிரிப்பும் வந்தது. ஆனால் யென்ஸ்?

"நீ வாயைத் திறந்தியெண்டால் எங்கட தமிழ்ப் பூசையை நிப்பாட்டிப் போடுவாங்கள். சனம் உன்னைத்தான் திட்டும்."

என் கணவர் செத்த பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் வீட்டு மேல் அறையில் வைத்திருப்பவர் அண்ணை. எங்கே போவேன்?

ஞாயிறு, நவ. 9

கொஞ்சம் வெயில். தமிழ்ப் பூசை. யென்ஸ் தரையில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். டேனிஷில் கேட்டார்: "இத்தனை வருடம் அந்த மரத்துக்கு எண்ணெய் பூசியவன் நான். நானா துளைப்பேன்?"

'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கம்.

வாங்க: பால், வெங்காயம், தலையிடி மாத்திரை.

செவ்வாய், நவ. 11

சபை நாளைக்குக் கூடுகிறது. சரித்திரம் கொடுக்க இன்று கடைசி நாள். முடிவில் ஒரு பந்தி சேர்த்தேன், டேனிஷிலும்: "மைக் என் அண்ணன் கொடுத்தது. தன் பெயர்த் தகட்டை மேடையில் பூட்டித் துளைத்தவரும் அவரே. யென்ஸுக்கு இதில் பங்கில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான்."

அனுப்பிவிட்டேன்.

கீழே இருந்து அண்ணை: "தங்கச்சி, சோறு போட்டாச்சு, இறங்கி வா."

"வாறன் அண்ணை" என்றேன். இன்னும் எழும்பவில்லை.