முப்பத்திரண்டு பேர், அறுபது படி

அன்புள்ள அக்கா,

இன்று எங்கள் பள்ளி விடுதியில் வந்து இறங்கிய அரிசிச் சாக்கு மழையில் நனைந்திருந்தது. அந்த ஈர வாடை பட்டதும், திருத்திக்கொண்டிருந்த கணக்கு நோட்டுகளை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

பண்ணைக்காட்டுக்குக் கீழே, மலைப்பாதையோரத்தில் உங்கள் அரிசிக்கடை. உங்கள் வீட்டுக்காரர் ராவுத்தர் காலமானபின் ஒற்றை ஆளாக நடத்தினீர்கள். அந்த ஐப்பசி மழையில் கடைக்கு மேலேயும் கீழேயும் பாதை சரிந்துவிட்டது. பொதிமாட்டுக்காரர்கள், காப்பித் தோட்டக் கூலிக் குடும்பங்கள், ஊருக்குப் போய்க்கொண்டிருந்த நான், உங்களையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர் மாட்டிக்கொண்டோம். ஒருத்திக்கு முதல் நாளே உங்கள் கடைக்குள் பிள்ளை பிறந்தது. இருந்ததோ அறுபது படி அரிசி. வழி திறக்க ஐந்து நாள் ஆகும் என்று சரிவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவிச் சொன்னார்கள்.

கணக்கு டீச்சர் என்ற மிதப்பில் நான் பையிலிருந்த சிலேட்டுப் பலகையை எடுத்தேன். வயிறார ஆளுக்கு ஐந்து ஆழாக்கு என்றால் நாளுக்கு இருபது படி. மூன்றே நாளில் தீர்ந்துவிடும்.

நீங்கள் பலகையைப் பார்க்கவேயில்லை. "அஞ்சு நாளுன்னா ஒரு நாளைக்குப் பன்னெண்டு படி. படிக்கு எட்டு ஆழாக்கு. தலைக்கு மூணு வருதுல்ல, கஞ்சியாக் காச்சிருவோம்" என்றீர்கள். எழுத்தே தெரியாதவர் நீங்கள்.

பிறகு, "பிள்ள பெத்தவளுக்கு மட்டும் ஆறு" என்றீர்கள்.

"கணக்கு உதைக்குமே அக்கா."

"உதைக்காது. நீங்க வெரசா வெறகு எடுத்துட்டு வாங்க டீச்சர்."

உதைக்கத்தான் இல்லை. ஐந்தாம் நாள் கடைசி ஆழாக்குவரை சரியாக வந்தது. கஞ்சி ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் வாழைக்காயை அவித்துத் தின்றதை நானும் பார்த்தேன். அரிசிக்கடைக்காரிக்கே அரிசி ஆகாதா என்று கேலிகூடச் செய்தேன்.

பாதை திறந்து நடக்கத் தொடங்கியபோதுதான் மனக்கணக்குப் போட்டேன். மூன்று ஆழாக்கு வாங்கியவர்கள் முப்பது பேர். பிள்ளை பெற்றவளோடு முப்பத்தொன்று. ஒரு தலை குறைந்தது. திரும்பி ஓடி வந்தேன்.

"உங்கள விட்டுட்டீங்களே அக்கா?"

நீங்கள் காலிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "அளக்குறவ தன்னைய எண்ணுனா கை கூசும் டீச்சர். எங்க கடையில அந்த வழக்கமில்ல."

இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் அதைவிடப் பெரிய கணக்கை நான் பார்த்ததில்லை. எங்கே எதைப் பங்கு வைத்தாலும், எல்லாருக்கும் வந்ததா என்று பார்த்த பிறகு, கரண்டி பிடித்தவரின் தட்டைப் போய்ப் பார்க்கிறேன்.